மன்னரையே பிணை கேட்டு விடுத்த ஓலை

மழை பிழையாதிருக்க. மடி வற்றாதிருக்க. வெண்மணலாற்றின் தென்கரை முழுதும் ஒரு குடைக்கீழ் ஆள்வோர், பன்றிக்கொடி உயர்த்தோர், பகைவர் கனவில் வந்தாலும் புன்னகை செய்யாதோர், ஆவிரை நாட்டுக் கோவேள் கூத்தரையர் திருவடிகளுக்கு, வடகரை வேங்கை நாட்டுத் தலைநகரில் பதினொரு திங்களாகப் பிணையிருக்கும் தங்கள் அமைச்சனும் ஓலைநாயகமுமான அம்பலப் பல்லவரையன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுதிக்கொண்ட விண்ணப்பம். விழுந்தது மனத்தால். இவ்வூர் ஈரத்தில் முழங்கால் மடங்க மறுக்கிறது.

முதலில் ஆணையைச் சொல்லிவிடுகிறேன். வரும் அமாவாசைக்குள் கூத்தரையர் தாமே பிணையாக ஆற்றைக் கடந்து வடகரை வரவேண்டும், வாராவிடில் போர் என்பது இந்நாட்டு மன்னர் வேங்கையரையர் கட்டளை. தங்கள் அமைச்சனே இதை எழுதலாமா என்று தேவரீர் சினவாதிருக்க. வேங்கையரையர் தம் அமைச்சர் சடையனாரைத் தங்களிடம் பிணையாக அனுப்பிவிட்டபடியால் இங்கே எழுத்தாணி பிடிக்க ஆளில்லை; நான் சும்மா இருப்பதைக் கண்டு என்னைப் பிடித்துக்கொண்டார். இதற்குமுன் வந்த கடுமையான மூன்று ஓலைகளும் அடியேன் கைவண்ணமே. தேவரீரைக் கிழப்பன்றி என்றது அவர் சொல். எழுத்தின் அழகு மட்டுமே என்னுடையது. அவற்றுக்குத் தாங்கள் விடுத்த மறுமொழிகளைச் சடையனார் எழுதியிருந்தார் என்பதையும் கண்டேன். தம் மன்னரையே பல்லுதிர்ந்த பூனை என்று எழுத அந்த மனிதருக்கு எவ்வளவு வயிறு எரிந்திருக்கும்!

இந்த நிலை எப்படி வந்தது என்பதைத் தேவரீர் மறந்திருக்கமாட்டீர்கள், ஆயினும் கோபத்தில் இருப்பவருக்கு ஒருமுறை நினைவூட்டுவது அமைச்சன் கடமை. ஆற்றின் நடுவே இருப்பது ஒரே மதகு. நாம் களவாகத் திறந்துவிடுவோம் என்று அவர்களும், அவர்கள் திறந்துவிடுவார்கள் என்று நாமும் அஞ்சி உடன்படிக்கை செய்யக் கூடினோம். "இரு நாடும் ஒன்றையொன்று நம்பி நடக்க" என்று முதல் விதி எழுதியவுடனே வேங்கை நாட்டுப் புலவர் ஒருவர் எழுந்து, நம்பி என்றால் என்ன பொருளில் என்று கேட்டார். அவர் வாயில் மண் விழ! அன்று தொடங்கியது வினை.

பொருள் காண இரு கரையாரையும் சபைக்கு அழைத்தோம். உழவர் ஒருவர், வானத்தை நம்பி விதைத்தேன், மாமனாரை நம்பிப் பெண் எடுத்தேன், வானமாவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெய்கிறது என்று முறையிட்டார். மன்னர்களுக்கு முகம் மழிக்கும் நாவிதர் கொடும்பன், "கழுத்துல கத்தி இருக்கறப்ப நல்லாத் தூங்குறாங்க சாமி, எம்மேல அம்புட்டு நம்பிக்கையான்னு கேட்டா மட்டும் முழிச்சு எந்திரிச்சுடுறாங்க" என்றார். ஓடக்காரி பூவாயி சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "ஏறுறவன் என்னைய நம்பி ஏறுறான். ஆடாம உக்காருவான்னு நான் அவனை நம்பித் துடுப்புப் போடுறேன். ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. இதுக்குமேல என்னத்தச் சொல்ல?" என்று சொல்லிவிட்டு, அக்கரையில் ஆள் நிற்கிறது என்று போய்விட்டாள்.

மூன்று திங்கள் கேட்டபின் புலவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். வானத்துக்கும் மாமனாருக்கும் சவரக்கத்திக்கும் ஒரே சொல்லை வழங்குகிறார்கள், ஆகவே நம்பிக்கை என்ற அச்சொல்லையே நம்புவதற்கில்லை, அதை நீக்கி அவ்விடத்தில் பிணை என்று இடுக என்றார்கள். அந்தத் தீர்ப்புக்கு முதலில் தலையாட்டியவன் அடியேன். அதற்காக இன்று என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.

தேவரீர் முதற் பிணையாகத் தங்கள் மைத்துனரை அனுப்பினீர்கள். வேங்கையரையர் தம் மைத்துனர் இருவரை அனுப்பினார். போனால் யாருக்கும் வருத்தமில்லாதவர்களை அனுப்புவது பிணையாகுமா என்று இருபுறமும் கூச்சல் எழுந்தது. அப்படியானால் இல்லாமல் முடியாதவர்களை அனுப்புக என்று விதி திருத்தப்பட்டது. மருத்துவர் போனார், மடைப்பள்ளியார் போனார், வண்ணார் போனார், நானும் போனேன். இல்லாமல் முடியாதது படை என்று இரு மன்னரும் ஒரே நாளில் கண்டுபிடித்ததால் இரு படையும் ஆற்று நடுவே ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் கடந்தன. படைவீரர் போனால் பெண்டு பிள்ளைகள் நிற்பார்களா? அவர்களும் போனார்கள். குடிகளெல்லாம் போனபின் வரி கேட்பவர் மட்டும் எதற்கு என்று அவர்களும் போனார்கள். இன்று ஆவிரை நாட்டில் ஆவிரை நாட்டார் தேவரீர் ஒருவரே. வேங்கை நாட்டில் வேங்கை நாட்டார் அந்த மனிதர் ஒருவரே.

இந்நிலையில் போர் என்று ஆணையிடுகிறார். எந்தப் படையைக்கொண்டு என்று கேட்டேன். தங்கள் கோட்டையைக் காத்து நிற்பது அவர் படை. அதைக்கொண்டு தங்களைத் தாக்கவேண்டுமானால் அப்படை முதலில் வெளியே வந்து, பிறகு தான் காக்கும் கோட்டையைத் தானே முற்றுகையிட வேண்டும். இங்கே நம் படை, நம் படை வந்துவிடாதபடி இரவுபகலாக மதில் காக்கிறது. நம் தளபதி வில்லவன் என்னிடம் வந்து, போர் மூண்டால் நாம் யார் பக்கம் என்று கேட்டான். சாப்பாடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நில் என்று சொல்லியனுப்பினேன். வேறு என்ன சொல்வது?

இன்னொன்றும் வேங்கையரையரிடம் எடுத்துரைத்தேன். கூத்தரையர் இங்கு வந்தால் முறைப்படி தாங்கள் அங்கு போகவேண்டும். போனால் அவர் தம் குடிகளோடு இக்கரையில் இருப்பார், தாங்கள் தங்கள் குடிகளோடு அக்கரையில் இருப்பீர்கள், பிணை என்று காட்ட ஒரு கோழிக்குஞ்சும் இராது, மறுநாளே மைத்துனரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான் என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். முகம் சிவந்தது. "உம்ம வாயாலேயே என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறீரே! நான் யாரையும் நம்புகிறவனில்லை. பேசாமல் எழுதி, நீரே முத்திரையிட்டு அனுப்பும், எனக்கு இடுப்புவலி" என்று படுத்துவிட்டார்.

அந்த முத்திரையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சடையனாரே, இவ்விடத்தைத் தேவரீருக்கு மெதுவாக வாசித்துக் காட்டும். நான் இங்கு வந்த மூன்றாம் நாள், வேங்கை முத்திரை இடுப்பில் உறுத்துகிறது என்று வேங்கையரையர் அதை என்னிடம் கொடுத்தார். பதினொரு திங்களாக அது என் மடியில் இருக்கிறது. ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. எழுதியதை ஒருநாளும் படித்ததில்லை. வடகரை முழுதையும் தேவரீர் பெயருக்கு எழுதி முத்திரையிட்டு அனுப்பியிருக்கலாம்; கை அரித்ததும் உண்டு, மறைப்பானேன். ஆனால் ஒருவர் படிக்காமல் விடும் ஓலையில் பொய் எழுத எழுத்தாணி ஓடவில்லை. நம் பன்றி முத்திரையும் சடையனார் மடியில்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். தேவரீர் இன்னும் நாடிழக்கவில்லை என்பதால் அவருக்கும் என்னைப்போலவே எழுத்தாணி ஓடவில்லை என்று தெரிகிறது.

அடியேன் சொந்தச் செய்தி ஒன்று. பிணையாகப் புறப்பட்ட அன்று, சினையாயிருந்த என் செவலைப் பசுவின் கயிற்றை, எதிரே வந்த சடையனார் கையில் கொடுத்து, முதல் ஈற்று, பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கன்று வயிற்றில் தலைமாறிக் கிடந்ததாம். விடிய விடியக் கூடவே உட்கார்ந்து கையைவிட்டுத் திருப்பி இரண்டுயிரையும் காத்தேன் என்று ஓலை விடுத்திருந்தார். படித்துவிட்டு அழுதேன். பசுவைக் கொடுக்கும்போது நான் பிணை கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. மன்னர் பெருமானே, எனக்கு வீடு திரும்பவேண்டும். அந்தக் கன்றைப் பார்க்கவேண்டும். ஆயினும் போர் ஒன்று வந்தால் நானும் சடையனாரும் எதிரெதிர் நிற்க நேரும், அது என்னால் ஆகாது.

இதுவரை எழுதிய ஓலையை முத்திரையிடாமல் எடுத்துக்கொண்டு வேங்கையரையரிடம் போனேன். ஊஞ்சலில் இருந்தார். நம் மடைப்பள்ளி அடைக்கான் செய்த கொழுக்கட்டையை, முன்னர்ச் சுவைத்துப் பார்க்க ஆள் வைக்காமல், உண்டுகொண்டிருந்தார். தாங்கள் படிக்காவிட்டாலும் கேட்கவாவது வேண்டும் என்று முதல் எழுத்திலிருந்து, கை அரித்ததையும் விடாமல், வாசித்தேன். தலை போகும் என்றே எண்ணினேன். கையிலிருந்த கொழுக்கட்டையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதையும் உண்டார்.

"அந்த அமாவாசை வரியை வெட்டும்" என்றார். ஓலையில் கீறியதை அழிக்கவியலாது, வெட்டினாலும் படிக்கத் தெரியும் என்றேன். "தெரியட்டும். எழுதச் சொன்னவனும் நான், வெட்டச் சொன்னவனும் நான் என்று அந்தக் கிழப்பன்றிக்குத் தெரியவேண்டாமா?" என்றார். முத்திரையை அவர் முன் நீட்டினேன். "அது ஏன் என்கிட்ட? உறுத்தும். நீரே வைத்திரும்" என்று அடுத்த கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டார்.

ஆகவே வேங்கையரையர் திருவாய் மலர்ந்த புதிய ஆணை யாதெனில், தைப் பயிர் அறுத்தபின் அவரவர் அவரவர் வீட்டுக்குத் திரும்புக. மதகை இருகரையாரும் கூடித் திறக்க. முதல் விதியில் நம்பிக்கை என்னும் சொல்லை மறுபடி எழுதுக, பொருள் எழுதவேண்டாம், எழுதப்புகுந்தால் இன்னும் மூன்று திங்கள் போகும். தேவரீருக்கு இது உடன்பாடானால் பன்றி முத்திரையிட்டு மறுவோலை விடுக்க. கன்றுக்கு நான் வரும்வரை பெயரிடாதிருக்கச் சடையனாருக்கு ஆணையிடுக.

இப்படிக்கு, இரு நாட்டுக்கும் ஓலை எழுதி இரு நாட்டிலும் திட்டு வாங்கும் அம்பலப் பல்லவரையன். வேங்கை முத்திரை, உடையவர் அறிய, அடியேன் கையால் இடப்பட்டது. மேலே வெட்டுண்டு கிடக்கும் வரியைத் தேவரீர் முன்பே படித்திருப்பீர்கள். படித்தும் வாளெடுக்காமல் இவ்வரி வரை வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.