பொதுக்குழுவுக்கு வந்த கணவர்கள்

செப். 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. வாங்க: தைராய்டு மாத்திரை, பால், ஸ்டாம்ப் மை.

நாளை பதினொன்றுக்கு எங்கள் பெண்கள் கூட்டுறவுச் சங்கப் பொதுக்குழு. உறுப்பினரில் பாதிப்பேர் வந்தால்தான் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஷெட் எங்களுக்கு. இல்லையென்றால் வேறு ஊருக்கு. பதினொரு மணிக்கு எல்லோரும் மலையில் காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு வைக்கலாமா என்று கூட்டுறவுத் துறை அதிகாரியிடம் மறுபடியும் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை எனக்கும் குடும்பம் இருக்கும்மா."

சாயங்காலம் சிலமலை கிராமத்துக்குப் போனேன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பிலிருந்து இறங்கிய பேச்சியம்மாவிடம் கெஞ்சினேன். இந்த ஷெட்டுக்காக மூன்று வருடம் என்னோடு அலைந்தவள்.

"ஒரு நா போகலேன்னா எம் எடத்துல வேற ஆளு உக்காந்துரும்க்கா. அப்புறம் சீசன் முடியுறவரைக்கும் டிரைவர் மடியிலயா உக்காந்து போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

முடியாவிட்டால் வீட்டிலிருந்து யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மகள்களை நினைத்துச் சொன்னேன். மருமகள்களை.

செப். 10, புதன்

பெண்கள் ஏழு பேர். மற்றதெல்லாம் கணவர்கள். வெள்ளை வேட்டி. சட்டைப்பையில் மனைவியின் ஆதார் அட்டை.

இது உறுப்பினர் கூட்டம் என்றேன். பேச்சியம்மாவின் கணவர் எழுந்தார். "அவ வேற, நா வேறயா தாயி?" அதிகாரி தலைகளை எண்ணினார். போதும் என்றார்.

ஷெட் கிடைத்துவிட்டது. அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம். யாரை வேலைக்குச் சேர்ப்பது, எப்போது திறப்பது, எல்லாம் அவர் முடிவு. பேச்சியம்மாவின் கணவர் பெயரைச் சொன்னார்கள். கைகள் உயர்ந்தன. ஏழு பெண்களில் இரண்டு பேர் கையும்.

பிறகு அந்த ஏழு பேரையும் முன்வரிசையில் உட்காரவைத்து போட்டோ.

தீர்மானம் எழுதியது செயலாளரான நான். 'ஏகமனதாக.' வந்தவர்கள் உறுப்பினர்களே இல்லை என்று எழுதியிருக்கலாம். எழுதினால் ஷெட் போய்விடும். எழுதவில்லை. அவர்களை அனுப்பச் சொன்ன வாயும் என்னுடையதுதானே.

தலைவலி. பால் திரிந்துவிட்டது.

செப். 11, வியாழன்

வெயில்.

மத்தியானம் பேச்சியம்மா போன். மலையில் சிக்னல் விட்டுவிட்டு. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, ஷெட்டு நமக்குத்தானாம்ல!" அப்படியொரு சந்தோஷம். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். "எனக்கு அங்க ஒரு சோலி வேணும்க்கா. நா கேட்டா வைவாரு. நீங்க அவர்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."