லேபியோ என்றால் தடித்த உதட்டுக்காரன்

ஜூலை 10, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். காலேஜ் லேபில் மீன் ஜாடிகளுக்கு ஃபார்மலின் மாற்றினேன். இன்னும் கண் எரிச்சல். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்தாச்சு.

அட்டெண்டர் கேட்டார்: "வித்யா மேடம் புக் போடுறாங்களாமே, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. காவிரி மீன்களின் லத்தீன் பெயர்கள் பற்றியாம். சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் வெளியீடு. பத்து வருடமாகப் பக்கத்து மேஜை. மூச்சு விடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

பிரதி கிடைத்தது. அத்தனையும் என் கார்டுகள்.

பிள்ளைகள் பெயரை மனப்பாடம் பண்ணத் திணறுகிறார்களே என்று ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு கார்டு எழுதி ஒட்டியவள் நான். மீன், லத்தீன் பெயர், அதன் அர்த்தம், நினைவில் நிற்க ஒரு வரி. "ஒரு வாரத்துல தரேன்" என்று வித்யா நகல்களை வாங்கிப் போனது பங்குனியில்.

விலாங்கு: ஆங்குவில்லா, குட்டிப் பாம்பு.
ரோகு: லேபியோ, தடித்த உதட்டுக்காரன்.

ரோகுவுக்கு நான் எழுதிய வரியும் அப்படியே: "என் அப்பாவுக்கும் தடித்த உதடு. வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலேயே அவர் விசில் கேட்கும்."

திருவெறும்பூர் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் தெரு அது. அப்பா போய் ஆறு வருடம்.

வி.யிடமே கேட்டேன். "நீ எங்கடி இதையெல்லாம் புக்காப் போடப் போறே? ஜாடியிலேயே கெடந்து மக்கியிருக்கும்" என்றாள். மீன் மார்க்கெட்டுக்கு வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நிற்பவள். மீனின் உதட்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

கார்டுகளை எடுத்துத் தொலையட்டும். அப்பாவை எதற்கு எடுத்தாள்? ராத்திரி சாப்பிடவில்லை.

ஜூலை 12, சனி

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன்.

முன் வரிசையில் வி.யின் அப்பா. ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், தங்கமான மனுஷர். "வாம்மா, இங்க ஒக்காரு" என்று பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அவர் உதட்டைப் பார்த்தேன். நூல் மாதிரி.

மேடையில் வி. அந்த விசில் வரியை வாசித்தாள். குரல் தழுதழுத்தது வேறு. எல்லோரும் அவள் அப்பாவைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அவர் என் பக்கம் சாய்ந்தார். "நேக்கு விசிலடிக்கவே வராதேம்மா. இவ யாரைச் சொல்றா?"

"எங்க அப்பாவை, மாமா."

கைதட்டலுக்குக் கும்பிடத் தூக்கிய கைகளை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார். மேடையிலிருந்து வி. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.