‘அண்ட் கம்’ வேண்டாம்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி என் அறைக்கு வந்தீர்கள். லிஃப்ட் பழுதென்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஊர் போனதும் மருத்துவரைப் பார்த்தீர்களா?

வெளிநாடு போகும் நர்ஸுகளின் இங்கிலீஷ் வகுப்பில் என் ஆராய்ச்சிக்காக நான் எடுத்த ஒலிப்பதிவில், உங்கள் மகளின் குரல் இருக்கும் பகுதி வேண்டும் என்றீர்கள். ஆராய்ச்சியில் பெயர் கூடாது, அவள் பதினான்காம் எண் என்று விளக்கினேன். "நம்பரா? அவளுக்குப் பேர் வைக்கவே நானும் அவ அப்பாவும் ஆறு மாசம் சண்டை போட்டோம்" என்றீர்கள்.

எழுந்து போகும்போது இன்னொன்றும் கேட்டீர்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு விமானம் ஏறிய அன்று, "ஐ ஆம் கோயிங்" என்று கையசைத்தாளாம். "போயிட்டு வரேன்னு சொல்லாம வாசல் தாண்டாதவ. யாரு சொல்லிக்கொடுத்தது?" நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

நான்தான் அம்மா.

ஆசிரியை விடுப்பில் இருந்த ஒரு நாள் நான் இங்கிலீஷ் வகுப்பெடுத்தேன். விடைபெறும் பயிற்சி. அவள் "ஐ கோ அண்ட் கம்" என்றாள். ‘அண்ட் கம்’ வேண்டாம் என்றேன். "அப்படிச் சொன்னா எங்கம்மா வாய் மேலயே போடுவாங்க மிஸ்" என்றாள். "பரீட்சை உங்கம்மாவா எழுதப்போறாங்க?" என்றேன். வகுப்பே சிரித்தது. மூன்றாம் முறை "ஐ ஆம் கோயிங்" என்று சரியாகச் சொன்னாள். அட்டவணையில் ‘திருத்தம் ஏற்கப்பட்டது’ என்று குறித்தேன்.

வகுப்பில் திருத்தியது வெளியே நிலைக்கிறதா என்பதுதான் என் ஆராய்ச்சி. இரண்டு வருடமாக ஒரு நல்ல சான்று கிடைக்கவில்லை. அதை நீங்கள் கொண்டுவந்தீர்கள். அதை ஆய்வில் நான் எழுதவில்லை, எழுதப்போவதுமில்லை.

ஒரு சொல்லால் விபத்து நேராது. அங்கே போன நான்காம் மாதம் அவளைப் பறித்துக்கொண்ட வண்டிக்கு எந்த மொழியும் தெரியாது. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிவிட்டேன். ஆனாலும் மற்ற முப்பத்தொன்பது பேரின் பதிவுகளைக் கேட்கும்போது, அவர்களுக்குப் பின்னால் அவள் மூன்றாம் முறை சொல்வது கேட்கிறது. ஹெட்ஃபோனைக் கழற்றினாலும் கேட்கிறது. மாணவிகள் "வரேன் மிஸ்" என்று கிளம்பினால், படி இறங்கும் சத்தம் ஓயும்வரை கதவருகே நிற்கிறேன்.

விதிப்படி பதிவுகளை இம்மாதம் அழிக்க வேண்டும். அவளுடையதை இத்துடன் அனுப்புகிறேன். எதையும் வெட்டவில்லை; என் குரலும், அந்தச் சிரிப்பும் இருக்கின்றன. கேட்டபின் என்னைத் திட்டத் தோன்றினால் ஃபோனில் வேண்டாம். நானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டுங்கள். பிறகு, மனம் வந்தால் மட்டும், உள்ளே வா என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள் மிஸ் என்று அழைத்தவள்