விரல் பார்க்க வருகிறவர்கள்

1879 ஏப்ரல் 14, டிராய் நகரம்

இன்றும் கடையில் கூட்டம். வியாபாரம்தான் இல்லை. வருகிறவன் எல்லாம் என் கோணல் விரல்களைப் பார்க்கத்தான் வருகிறான். "ஓரின் அண்ணே, இந்தச் சுண்டுவிரல் எந்த ஆட்டத்துல போச்சு?" நானும் வாயெல்லாம் பல்லாக, ஆடிய காலத்தில் வெறுங்கையால் பேஸ்பால் பிடித்த கதையை அளக்கிறேன். கேட்டுவிட்டுப் போய்விடுகிறான். பந்து பிடிப்பதற்கென்றே நான் தைக்கவைத்த தோல் கையுறைகள் முன் அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன.

ஏப்ரல் 16

லவீனியா பொரிந்து தள்ளிவிட்டாள். "கிளவுஸ் விக்கிற ஆளே வெறுங்கை வீரத்தைப் பீத்திக்கிட்டா எவன் வாங்குவான்?" என் பெண்டாட்டி சொல்வது சரி. அதனால்தான் எரிச்சல். கோடைக்குள் விற்காவிட்டால் கடைக்குப் பூட்டு. அப்புறம் அவள் அண்ணனின் சட்டைக் காலர் ஆலையில் நான் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 19

மைதானத்துச் சத்தம் கடைவரை கேட்கிறது. உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை.

மே 2

நான் முன்பு ஆடிய கிளப்பின் மேலாளர் பிரிஸ்டோ ஓடி வந்தார். பந்து பிடிக்கிறவனுக்கு விரல் முறிந்துவிட்டதாம். "நாளைக்கு ஒரே ஒரு ஆட்டம், வந்து நில்லுடா!"

லவீனியா சொன்னாள்: "போங்க. ஆனா கிளவுஸ் போட்டுக்கிட்டுப் போங்க."

போட்டால் ஊரே சிரிக்குமே! போடாவிட்டால் கடை? சே, என்ன பிழைப்பு இது.

மே 3

போட்டேன். சிரித்தார்கள். ராச்செஸ்டர் அணிக்குப் பந்து பிடிக்கும் மிக் டூஹி, மட்டையோடு வந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினான்: "என்னடா ஓரின், குளிருதா? பொண்டாட்டி பின்னிக் குடுத்தாளா?"

காது எரிந்தது. கழற்றி அவன் மூஞ்சியில் எறியக் கை போனது — கடை நினைவு வந்தது. எறியவில்லை. தோற்றோம். விரல் பத்தும் பத்திரம். வெறுங்கையால் பிடித்த டூஹியின் இடதுகை வீங்கி, மட்டையைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை அவனால்.

மே 5

ஒரு ஈ காக்கை இல்லை. விரலைப் பார்க்கக்கூட யாரும் வரவில்லை. கடைதான் போகுமென்று பயந்தேன், மானமும் சேர்ந்து போச்சு. ஏன்தான் அவள் பேச்சைக் கேட்டேனோ?

மே 6

பின்கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் டூஹி! தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான்.

"கிளவுஸ் கைத்தோல் நிறத்துல இருக்கா? தூரத்துல இருந்து பார்த்தா தெரியக்கூடாது."

"குளிருதாடா?" என்றேன்.

"வெளியில சொன்னே, கொன்னுடுவேன்."

வாங்கிக்கொண்டு போனான். அப்புறம் நானும் லவீனியாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஜூன் 12

முன் அலமாரியில் அதே தூசி. அங்கே நின்று இன்னும் வெறுங்கைக் கதைதான் சொல்கிறேன்.

மாலையில் மைதானத்துச் சத்தம் கேட்டது. எழுந்து வாசலுக்குப் போகப் பார்த்தேன். லவீனியா பின்கதவுக்கு மாட்டிய புது மணி அடித்தது. கைத்தோல் நிறக் கையுறை ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.