பட்டன் வைத்த நைட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

காலையில் கண் விழித்ததும் இடது மார்பைத் தொட்டுப் பார்த்தேன். கட்டி அங்கேயேதான் இருக்கிறது. பதறாதீர்கள், சுண்டைக்காய் அளவுதான். போனில் உங்கள் காதுக்கு எட்டும்படி கத்திச் சொல்லும் விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா?

அடையாறு விடுதியில் என் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் நஸ்ருன்னிசாவும், என்னைப் போலவே, சிறுமிகள் வளர்ந்து ஆளாகும் பழைய நாவல்களைத் தேடிப் படிப்பவள். நேற்று ஒன்றை வாசித்துக் காட்டினாள். வயதுக்கு வந்ததை அம்மாவிடம் சொல்லப் பயந்து துணியை ஒளித்துவைக்கிறாள் ஒரு பெண். கேட்டதும் அழுதுவிட்டேன், கட்டியைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

"அதுக்குப் பதிமூணு வயசு. உனக்கு இன்னாடி, நாப்பத்தாறு! அம்மாகிட்டயாவது சொன்னியா?"

முன்பக்கம் பட்டன் வைத்த என் நைட்டிகளை அனுப்பி வையுங்கள், ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தால் அதுதான் வசதி. பயமாகத்தான் இருக்கிறது. இன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். போகப்போவதை அவளிடம்கூட இன்னும் சொல்லவில்லை. முதலில் உங்களிடம்தான்.

பியாட்ரிஸ்