எலுமிச்சை மரத்துப் பச்சோந்தி

செப்டம்பர் 11, வியாழன்

மருந்துக்கடையில் இன்று கூட்டமே இல்லை. பிற்பகல் அஸர் தொழுகைப் பாங்குக்கு முன்பே வீடு வந்துவிட்டேன். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது எலுமிச்சை மரத்தில் ஒரு காய் நகர்ந்தது. காய் எங்காவது நகருமா? கிட்டே போய்ப் பார்த்தால் பச்சோந்தி! ஒரு கண் என்னைப் பார்த்தது, மற்றது சுவரைப் பார்த்தது. நான் இந்த வீட்டுக்கு வந்த ஒன்பது வருடத்தில் இங்கே முள்ளெலி வந்திருக்கிறது, ஆமை வந்திருக்கிறது. இது வந்ததில்லை.

என் கணவர் அப்தெஸ்லாமிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. படம் எடுத்து அல்மேரியாவுக்கு அனுப்பினேன். தக்காளி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்களில் வேலைக்கென்று அவர் ஸ்பெயின் போய் நாலு வருடம். கடைசி இரண்டு கோடையும் வரவில்லை.

செப்டம்பர் 12

படத்தைப் பார்த்துவிட்டார். பதில் இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

பக்கத்து வீட்டிலிருக்கும் நாத்தனார் ரஹிமு, அவருடைய அக்கா, ரொட்டி கொண்டுவந்தாள். மரத்தைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஷாமா, அதை விட்டுடாதே. ஊர்ல இதைத் தேடி அலையறாங்க."

"எதுக்கு அக்கா?"

"கரி நெருப்புல போடணும். சதை உருகி ஒண்ணா நின்னா என் தம்பி உன்னோடவன். சாம்பலாப் போனா வேற ஒருத்தி இருக்கா."

சிரித்தேன். "நான் மருந்து விக்கிறவ அக்கா. இதையெல்லாம் நம்பச் சொல்றியா?"

"உன் கடையில இதுக்கு மாத்திரை இருந்தா வாங்கிக்கோ போ."

அவள் போன பிறகு சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 18

சந்தையில் நாட்டு மருந்துக்காரர் கடை வாசலில் கம்பிக் கூண்டு. உள்ளே ஏழெட்டுப் பச்சோந்திகள், ஒன்றன்மேல் ஒன்றாக. நல்ல அங்கி போட்ட ஒரு பெண் விரலை நீட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய கணவர் எங்கே இருக்கிறாரோ.

செப்டம்பர் 20, சனி

அவர் தர்பூசணியை ரொட்டியோடு தின்கிற மனிதர். "இது என்ன பழக்கம்?" என்று கேலி செய்வேன். இந்தக் கோடையில் நானும் அப்படித்தான் தின்றேன். ஒவ்வொரு நாளும். நன்றாகத்தான் இருக்கிறது. முன்பே தின்றிருக்கலாம், அவர் எதிரில் உட்கார்ந்து.

வீட்டுக்கு வந்தால் கதவைத் தட்டமாட்டார், தெருவில் நின்று சீட்டியடிப்பார். இன்று எவனோ சீட்டியடித்துக்கொண்டு போனான். ஈரக் கையோடு வாசல்வரை ஓடினேன். ஏன் இப்படி இருக்கிறேன்?

பச்சோந்தி அதே கிளையில்தான். வயிறு பருத்திருக்கிறது. மேலெல்லாம் மஞ்சள் புள்ளிகள்.

செப்டம்பர் 27, சனி

எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

குமுட்டி அடுப்பைப் பற்றவைத்தது நான்தான். ரஹிமு அக்கா சொல்லிக்கூட இல்லை. புகையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். கரி சிவந்ததும் அதைக் கிளையிலிருந்து எடுத்தேன். கடிக்கவில்லை. நாலு காலாலும் என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. குழந்தை பிடிப்பதுபோல, இறுக்கமாக. குமுட்டிக்கு நேராகக் கையை நீட்டினேன். சூடு பட்டதும் அதன் உடம்பு கறுத்தது. இன்னும் இறுகப் பிடித்தது. என்னைத்தான்! எரிக்கப்போகிறவளையே!

கையை இழுத்து, அதைக் கிளையிலேயே விட்டேன்.

"உண்மை தெரிஞ்சிடும்னு உனக்குப் பயம்," என்றாள் அக்கா.

"பயந்தான். உண்மை வேணும்னா அவரையே கேக்கறேன். இது என்ன பாவம் பண்ணிச்சு?"

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. தண்ணீர் எடுத்துக் கரியை அணைத்தது அவள்தான்.

செப்டம்பர் 28

அல்மேரியாவுக்குப் போன் போட்டேன். எடுத்தான். கேட்டேன். பின்னால் வண்டிச் சத்தம். அப்புறம், "நீ கேக்கணும்னுதான் இத்தனை நாள் காத்திருந்தேன் ஷாமா."

நான் கேக்கணுமாம்!

அங்கே ஒருத்தி. ஒரு பெண் குழந்தை, இரண்டு வயது. குழந்தையின் பெயரைக் கேட்டேன். எதற்குக் கேட்டேன்? இனி அந்தப் பெயர் மறக்கவே மறக்காது.

செப்டம்பர் 30

அக்காவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"உனக்குத் தெரியும்."

"ஒரு வருஷமா."

"அப்புறம் எதுக்கு அந்த நெருப்பு, சாம்பல்னு—"

"எதைப் போட்டாலும் சாம்பல்தான் ஆகும்னு எனக்குத் தெரியாதாடி? நெருப்பு சொல்லட்டும்னு பார்த்தேன். என் வாயால எப்படிச் சொல்வேன்? அவன் என் தம்பி. நீ..." அழுதாள். போ என்றேன். போய்விட்டாள்.

அக்டோபர் 4

யாரோடும் பேசவில்லை. அவன் குரல் வேண்டும்போல இருக்கிறது. அதுதான் கேவலம். இதையும் அவனிடமே சொல்லி அழத் தோன்றுகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று பருவத்தின் முதல் மழை. காலையில் பச்சோந்தி மரத்தைவிட்டு இறங்கிவந்தது. நடக்கவே தெரியாததுபோல ஆடி ஆடி வந்து, சுவரோரம் ஈரமண்ணைத் தோண்ட ஆரம்பித்தது. நாள் முழுக்கத் தோண்டியது. நாள் முழுக்க நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ரஹிமு அக்கா சூப்புச் சட்டியோடு வந்து, கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்தாள். பச்சோந்தியின் தலைகூடத் தெரியவில்லை, குழிக்குள் இருந்து மண் மட்டும் வந்தது.

"முட்டையிடப் போறா. ஒத்தையா என்ன பாடு படறா பாரு. இவ புருஷன் எங்கே?"

"உனக்குத் தெரியாதா அக்கா? ஸ்பெயின்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அக்கா என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வெடித்தோம். சூப்பு கொட்டிப்போனது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை.

அக்டோபர் 14

மண்ணை மூடிவிட்டுப் போய்விட்டது. எங்கும் தேடினேன், காணோம்.

டிசம்பர் 3, புதன்

நீதிமன்றத்தில் விவாகரத்துக்கு மனுக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒரு செருப்பை மட்டும் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டைப் பற்றி அக்கா சொன்னாள்: "எங்க அப்பா எழுதி வச்சதுல இந்த வீட்டுல பாதி என் பேர்ல. நீ என் பாதியில இருக்கே. அவன் பாதி வேணும்னா வந்து என்கிட்ட கேக்கட்டும்."

ஜூன் 21, ஞாயிறு

அக்காவோடு துறைமுகத்துக்குப் போனேன். மத்தி மலிந்து கிடந்தது. பேரம் பேசியே அக்கா மீன்காரனை அழவைத்துவிட்டாள். போனை அடுப்படியிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தேன். வந்து பார்த்தால் அப்தெஸ்லாமிடமிருந்து மூன்று அழைப்புகள். மீனைக் கழுவிவிட்டுப் பேசலாம் என்று வைத்தேன்.

அப்புறம் மீன், சாப்பாடு, தோட்டத்துக்குத் தண்ணீர், அக்காவின் கதைகள். இதை எழுத உட்கார்ந்தபோதுதான் நினைவு வருகிறது, திரும்ப அழைக்கவே இல்லை.