காலண்டரில் விடுபட்ட சொல்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து நசநசவென்று மழை. துணி மூன்று நாளாகக் காயவில்லை. ஹால் முழுக்கக் கொடி, குனிந்து குனிந்தே நடமாட்டம்.

கோயம்புத்தூரிலிருந்து அக்கா போன். இந்த வாரம் இரண்டாவது முறை, இன்றைக்குத்தான் செவ்வாய். "புள்ளைக்கு ஊசி போட்டாச்சா அம்மிணி?" இன்னும் இல்லை என்றேன். "இன்னும் என்னத்தப் பாத்துட்டு இருக்கற?"

மகள் யாழினிக்கு அடுத்த மாதம் பதினைந்து வயது. அதற்குள் ஆரம்பித்தால் இரண்டு ஊசி, தாண்டினால் மூன்று. டாக்டரம்மா சொன்னது. நம் நாட்டுப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் இது முன்வரிசையாம். தடுக்க ஊசி இருந்தும் ஏன்தான் யோசிக்கிறார்களோ என்று அலுத்துக்கொண்டார். என்னைத்தான் சொன்னாரோ? சனி 11 மணிக்கு நேரம் வாங்கிவிட்டேன்.

சமையலறைக் காலண்டரில் குறித்தேன்: 'யாழ் – வாய்ப் புற்று ஊசி, 11 மணி.' முன்னால் 'கர்ப்பப்பை' என்று எழுதப்போய் பேனா நின்றுவிட்டது. இங்கே சாகண் ஃபேக்டரியில் இவரோடு வேலை பார்க்கும் திருநெல்வேலி செல்வம் அண்ணன் டீக்கு வந்தால் அந்தக் காலண்டருக்கு எதிரேதான் உட்காருவார். எதற்கு வம்பு.

அக்காவுக்கு வந்ததும் இதே நோய்தான். ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து மூன்று வருடம். இப்போது நன்றாக இருக்கிறாள். சொந்தக்காரர்களுக்கு மட்டும் இன்றுவரை 'வயித்துல கட்டி'. யாழினிக்கும் அதேதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

வாங்க: து.பருப்பு, இஞ்சி, கொசுவத்தி.

ஜூலை 10, வியாழன்

மழை விட்டு விட்டு. இட்லி மாவு பொங்கவே இல்லை. மதியம் தோசை.

யாழினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததிலிருந்து உர்ரென்று. தோசை வேண்டாம். "சனிக்கிழமை நான் வர மாட்டேன். ஊசி போடவே மாட்டேன்." ஏன் என்று கேட்டால் கதவு டமார்.

பின்னால் குழந்தை பிறக்காது, அது இது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதையெல்லாம் படித்துவிட்டாளோ? அத்தனையும் கட்டுக்கதை என்று டாக்டரம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார். இவளுக்கு யார் சொல்வது?

இவரிடம் சொன்னேன். "நீயே பேசு, பொம்பளப்புள்ள சமாச்சாரம்" என்று ஷூவை மாட்டிக்கொண்டு செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். நழுவுவதில் மன்னன்.

ஜூலை 11, வெள்ளி

விஷயம் வெளியே வந்துவிட்டது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மராத்தி ஊரில் வளர்ந்தவள், யாழினிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். போன் கேமராவைக் காலண்டர் மேல் காட்டி மொழிபெயர்த்திருக்கிறாள். வாயில் வரும் புற்றுநோய்க்கு ஊசி என்று வந்திருக்கிறது.

"நீ என் பேக் செக் பண்ணினே. பக்கா!"

"உன்ற பேக்கை நான் எதுக்குடி தொடறேன்?"

"சுபாரி பாக்கெட் பாத்துட்டுதானே ஊசி? நான் குட்கா சாப்பிடலை அம்மா! மீட்டி சுபாரி, அவ்ளோதான். அதுவும் என் கிளாஸ் ஸ்வரா கொடுத்தா."

கேட்காமலே வாக்குமூலம். இனிப்புப் பாக்கு விசாரணை தனியாக உண்டு.

அந்த வாய் இல்லை என்றேன். "அரிசிச் சாக்குக்கு வாய் இருக்குதல்ல? அந்த மாதிரி கர்ப்பப்பைக்கும் ஒரு வாய் இருக்குது. அங்க வர்ற நோய்." அந்த வார்த்தையை இவளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"அப்போ முழுசா எழுதணும்ல? ஏன் பாதி எழுதினே?"

பெரியம்மா விஷயத்தையும் சொல்லிவிட்டேன். கேட்டாள். கேட்டுவிட்டு அக்காவுக்கே போன் போட்டுவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பெரியம்மா, உங்களுக்குக் கட்டி இல்லையாமே? கர்ப்பப்பை வாய் கேன்சராமே?"

ஸ்பீக்கரில் அக்கா குரல், "ஆமா சாமி. அதேதான். அது உனக்கு வரக்கூடாதுன்னுதான் உங்கம்மாவ இந்தப் பாடு படுத்தறேன்."

யாழினி போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அரை மணி நேரம் பேசினாள். என்னை அறைக்குள்ளேயே விடவில்லை. ஈரத் துணிகளுக்கு நடுவே நின்று அழுதேன். நிம்மதியான அழுகைதான்.

ஜூலை 12, சனி

வெயில்! போர்வை, ஜமக்காளம் எல்லாம் மொட்டைமாடியில்.

ஊசி ஆயிற்று. இடது கை. இரண்டாவது ஜனவரியில். "டென்ஷன் கேவு நகா" என்றார் டாக்டரம்மா, பயப்படாதே என்று மராத்தியில். யாழினி பயப்படவே இல்லை. இவர்தான் ஊசியைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கால் மணி நேரம் உட்காரவைத்து அனுப்பினார்கள். வழியில் வடாபாவ், அவள் மட்டும் மூன்று.

கை கொஞ்சம் வலி. அதைச் சாக்காக வைத்துப் பாத்திரம் தேய்க்கவில்லை.

சாயங்காலம் செல்வம் அண்ணன் வந்தார். டீயைக் கொடுத்தவள் அப்படியே நின்றேன். காலண்டரில் என் 'வாய்'க்கு முன்னால் சிவப்புப் பேனாவால் அம்புக்குறி, மேலே யாழினியின் கோணல் எழுத்தில் 'கர்பப்பை'. எப்போது எழுதினாளோ. அவர் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"ஒரு 'ப்' விட்டுப்போச்சே தங்கச்சி" என்றார். பிறகு டீயைக் கீழே வைத்துவிட்டு, "இந்த ஊசி எங்க போடுதாவ? எனக்கும் பன்னெண்டு வயசுல ஒரு பிள்ள இருக்கால்லா."

டாக்டரம்மா நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மேலே ஊசியின் பெயர், முழுசாக. 'ப்' சேர்த்து.